சன்னத்துக்குப் பட்ட காயம்

புட்டு அவிச்சு முடிச்சு, நீத்துப்பெட்டியைக் கவிழ்க்கிற நேரம் பாத்து இவர் பேஸ்மென்ற் படியேறி வந்தார். ஒரு கையைப் பொத்திப் பிடிச்சிருந்தார். குசினி மேசையில, தேங்காய்ப்பூக் கிண்ணத்துக்குப் பக்கத்தில வந்து நிண்டு கையை விரிச்சார்.

"இதை ஒருக்காப் பாரும்," எண்டார். "கீறல் ஏதும் தெரியுதோ?"

உள்ளங்கையில ஒரு தோட்டா. பித்தளைக் கோது. அதின்ர வாயில செம்பு நிறத்தில ஒரு சன்னம், பறந்துபோய்த் துளைக்கிற துண்டு, மொட்டு மாதிரி.

வேற மனுசி எண்டால் கத்தியிருப்பா. நானும் கத்தியிருக்கத்தான் வேணும். ஆனால் அந்தக் கேள்வியை என்னட்டக் கேட்டால் நான் என்ன செய்யிறது? இருபது வருசத்துக்கு மேல எனக்குச் சோறு போட்ட கேள்வி அது. கை தன்பாட்டில நீண்டிட்டுது. வாங்கி, ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடிச்சு, ரெண்டு விரலால உருட்டிப் பாத்தன்.

"மூக்கில ஒரு வட்டம். பக்கத்தில நாலைஞ்சு கோடு. றிஜெக்ட்," எண்டன்.

சொல்லி முடிச்ச பிறகுதான் நான் என்னத்தைக் கையில வைச்சிருக்கிறன் எண்டது மண்டையில ஏறிச்சுது. புட்டு மணக்கிற குசினியில, என்ர பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில.

"வெடிமருந்து இல்லையப்பா, மருந்து இல்லை," எண்டு இவர் அவசரப்பட்டுச் சொன்னார். "சும்மா அளவு பாக்கச் செய்தது. வெடிக்காது."

பயத்தை விட ஆச்சரியம்தான் முதல்ல வந்தது எண்டு சொன்னால் நம்புவீங்களோ தெரியாது. என்ன வடிவு! என்ன சின்னன்!

கீறல் பிடிக்கிற உத்தியோகம்

நான் ரொறன்ரோவுக்குப் பக்கத்தில மார்க்கம் எண்ட ஊரில ஒரு தொழிற்சாலையில வேலை செய்தனான் எண்டு இந்தப் பத்தியில முந்தி ஒரு கிழமை எழுதினது ஞாபகமிருக்கும். காருக்குப் போடுற கதவுப் பிடிகள் பளபளவெண்டு பூச்சுப் பூசி வரும். லைனின்ர கடைசியில நான். வெள்ளை லைற்றுக்குக் கீழ ஒவ்வொண்டையும் திருப்பிப் பாத்து, கீறல் இருந்தால் சிவப்புக் கூடை, இல்லையெண்டால் பச்சைக் கூடை. அவ்வளவுதான் வேலை.

அவ்வளவுதான் எண்டு சொல்லுறன், ஆனால் அது லேசுப்பட்ட வேலையில்லை. கீறல் எண்டால் கீறல் மட்டும் பாக்கிறதில்லை. எந்தப் பக்கத்தால வந்தது, எந்த மெசினில வந்தது, ஆரின்ர மோதிரம் பட்டது எண்டு வரைக்கும் கீறல் கதை சொல்லும். அதைக் கேக்கத் தெரியவேணும்.

இந்தப் பழக்கம் என்னோட வீட்டுக்கும் வந்திட்டுது. கலியாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளை பொம்பிளையைப் பாக்க முதல் நிறைகுடத்தில நெளிவைப் பாக்கிற ஆள் நான். போன கிழமை எழுதினதை வாசிச்சிட்டு ஒரு அங்கிள் கோல் எடுத்து, "பிள்ளை, உமக்கு எல்லாத்திலயும் பிழைதான் கண்ணில படுது," எண்டார். ஓம் அங்கிள். சம்பளமே அதுக்குத்தான் தந்தவங்கள்.

மனுசியின்ர கையெழுத்து

இவருக்கு இந்த விசர் எப்பிடிப் பிடிச்சதெண்டு சொல்லாட்டி உங்களுக்கு விளங்காது.

இவர் ஸ்கூல் பஸ் ஓட்டுறவர். பெயர் நேசன். அவரோட வேலை செய்த டேவ் எண்ட வெள்ளைக்காரக் கிழவன் ஒரு சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போய், குறி பாத்துச் சுடுற கிளப் ஒண்டைக் காட்டியிருக்கிறான். அண்டைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் இருந்த மனுசன், அடுத்த நாள் ஒரு போமைக் கொண்டுவந்து நீட்டினார். துவக்கு லைசென்ஸ் எடுக்கிற விண்ணப்பப் போம். அதில மனுசியும் கையெழுத்து வைக்கிற இடம் இருக்கு.

எனக்கு விசர்க் கோவம். "துவக்குக்குப் பயந்து கடல் கடந்து வந்தனாங்கள். வந்த இடத்தில நீங்கள் துவக்கு வாங்கப் போறியளோ?"

இவர் கத்தேல்லை. "வசந்தி, நான் அந்தச் சத்தத்துக்குப் பயந்து பயந்தே அரைவாசி ஆயுளை ஓடித் துலைச்சனான். ஒருக்கா அதை என்ர கையில பிடிச்சு, ஒரு கடதாசியை மட்டும் பாத்துச் சுடவேணும் போல கிடக்கு," எண்டார்.

மூண்டு கிழமை அந்தப் போம் பிறிட்ஜுக்கு மேல கிடந்தது. பிறகு கையெழுத்து வைச்சன். ஆனால் ஒரு கண்டிசன். அந்தச் சாமான் ஒண்டும் படியேறி மேல வரக்கூடாது. நானும் பேஸ்மென்ற் பின்னறைக்குள்ள கால் வைக்க மாட்டன்.

இவரும் சொல்லுக் காத்தார். துவக்கைப் பூட்டி வைச்சார். சுட்ட கோதுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து, கழுவி, திரும்ப மருந்தும் சன்னமும் போட்டுத் தனக்குத் தேவையானதைத் தானே செய்யப் பழகினார். இப்ப புதுசாக் கைத்துவக்கு வாங்க ஏலாதெண்டு சட்டம் வந்திட்டுது. இவரிட்டை இருந்தது முந்தி வாங்கினது. இவ்வளவு வருசத்தில ஒரு கோதுகூடப் படிக்கு இஞ்சால வந்ததில்லை.

அண்டைக்குத்தான் வந்தது. அதால இந்த மனுசனுக்கு ஏதோ நடந்திட்டுது எண்டு எனக்கு உடன விளங்கிட்டுது.

ஓட்டையைத் தெரியும், சன்னத்தைத் தெரியாது

"எப்பிடிக் காயம் பட்டதெண்டுதான் விளங்கேல்லை," எண்டார் இவர், என்ர கையில இருந்ததைப் பாத்தபடி.

காயம் எண்டார்! சன்னம் பட்டுத்தான் காயம் வரும். சன்னத்துக்குக் காயம் பட்டதெண்டு என்ர சீவியத்தில நான் கேட்டதில்லை.

சின்ன வயசில எங்கட வீட்டு முன்சுவரில மூண்டு ஓட்டை இருந்தது. விரலை விட்டால் உள்ளுக்குப் போகும். அதில எந்த ஓட்டை ஆழமெண்டு எனக்குத் தெரியும். கோதும் தெரியும். றோட்டில கிடக்கும், எடுத்து ஊதினால் விசில் மாதிரிச் சத்தம் வரும், அம்மா கண்டால் முதுகில விழும். ஆனால் சன்னத்தை நான் கண்டதில்லை. அது வந்ததையும் காணேல்லை, போனதையும் காணேல்லை. அது செய்துபோட்டுப் போனதைத்தான் கண்டனாங்கள்.

இவ்வளவு காலத்துக்குப் பிறகு அதை வெளிச்சத்தில பிடிச்சுப் பாக்கிறன். ஒரு நாவற்பழக் கொட்டை அளவு வராது. இதுக்கோ ஒரு ஊரே வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளிக்கிட்டது? எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. அதிலயும் பெரிய அதிசயம், இதுவும் கீறுப்படுது. செம்புத் தோல். என்ர நகம் பட்டாலே அடையாளம் விழும் போல கிடந்தது.

"கீறல் பட்டால் என்ன, பறக்காதோ?" எண்டு கேட்டன்.

"பறக்கும். வடிவு கெடும், அவ்வளவுதான். கடதாசிக்கு என்ன தெரியும் எண்டு டேவும் சொன்னவன்."

"பிறகேன் செத்த வீட்டு முகத்தோட நிக்கிறியள்?"

இவர் கதிரையை இழுத்து இருந்தார். வலது கையை மடியில வைச்சு இடது கையால மூடினார்.

"கை நடுங்குது வசந்தி. கொஞ்ச நாளா. நான் சன்னத்தைச் சரிவா வைக்கிறன் போல. அதுதான் உரஞ்சுது." பிறகு, "அப்பாவுக்கும் இப்பிடித்தான் துவங்கினது," எண்டார்.

மாமாவை எனக்குத் தெரியும். கடைசி நாளுகளில அவருக்குத் தேத்தண்ணியைக் கரண்டியால பருக்கினது இவர்தான். நடுக்கவாதம். ஆனால் இவரின்ர கைநடுக்கத்தை நான் காணவேயில்லை. ஊரில உள்ள கீறலெல்லாம் பிடிக்கிற எனக்கு, பக்கத்தில படுக்கிற மனுசன்ர கை தெரியேல்லை. அந்த வெக்கம் இண்டைக்கும் போகேல்லை.

நடுக்கவாதம் எண்டால் பஸ் இல்லை. பஸ் இல்லையெண்டால் இந்த மனுசன் என்ன செய்யும்? அந்தப் பிள்ளையள் ஏறேக்க ஒவ்வொருத்தரின்ர பேரையும் சொல்லிக் கூப்பிடுற ஆள் இவர்.

"எழும்புங்கோ," எண்டன். "கீழ போவம். நான் பாக்கிறன்."

பின்னறை

என்ர பங்குக் கண்டிசனை நானும் உடைச்சன்.

கோயில் மூலஸ்தானம் மாதிரி வைச்சிருந்தார் மனுசன். ஒரு மேசை. அதில நீளக் கைபிடி வைச்ச ஒரு அமத்துற மெசின். தட்டுத் தட்டா வெறுங் கோதுகள், ஒரே உயரம், ஒரே மினுக்கம், ராணுவம் மாதிரி நிண்டுதுகள். மருந்துப் போத்தல் தனிய ஒரு அலுமாரியில. என்ர குசினி அலுமாரியில சாமான் அடுக்கச் சொன்னால் கரண்டியையும் தேசிக்காயையும் ஒண்டாப் போடுறவர் இவர்.

"இப்ப செய்து காட்டுங்கோ," எண்டன். "மருந்தில்லாமல்."

காட்டினார். கோதை அச்சுக்குள்ள விட்டு அளவுக்குக் கொண்டுவாறது. பிறகு கோதின்ர வாயைக் கொஞ்சம் விரிக்கிறது. அந்த வாயில சன்னத்தை நிறுத்தி வைச்சு, கைபிடியை இழுத்தால், மேல இருக்கிற ஒரு துண்டு சன்னத்தின்ர தலையை அமத்தி உள்ளுக்கு இறக்கும். அவ்வளவும் தலைமயிர் அளவுக் கணக்கு. நான் வாயைப் பிளந்துகொண்டு பாத்தன்.

காயப்பட்டதுகளை ஒரு வெள்ளைத் துவாயில அடுக்கினன். பதினெட்டு. லைற்றை இறக்கி, மூக்குக்கண்ணாடியைப் போட்டு, ஒவ்வொண்டாத் திருப்பினன்.

முதல்ல மூக்கு வட்டம். பிறீசர் பையில மீனுக்குத் திகதி எழுதுற கறுப்பு மாக்கரை எடுப்பிச்சு, ஒரு சன்னத்தின்ர தலை முழுக்கப் பூசி, "இப்ப அமத்துங்கோ," எண்டன். வெளிய எடுத்தால், கறுப்பில ஒரு வட்டம் மட்டும் அழிஞ்சிருக்கு. முழு வட்டம், ஒரு இடத்திலயும் கூடக் குறைய இல்லை.

"இது கை செய்ததில்லை. அமத்துற துண்டுக்கும் தலைக்கும் பொருத்தமில்லை. சன்னத்தை மாத்தினீங்களோ?"

"ஓம், இந்த முறை தட்டைத் தலை வாங்கினனான்."

"துண்டை?"

இவர் நெத்தியில அடிச்சார். அந்தத் துண்டு உருண்டைத் தலைக்கு உள்ளது. தட்டைக்கு உள்ளது பெட்டியிலேயே கிடந்தது.

அடுத்தது கோடுகள். இதுதான் எனக்குக் கள்ளனைப் பிடிக்கிற மாதிரி இருந்தது. சன்னத்தைச் சரிவா வைச்சால் ஒரு பக்கம்தான் சிராய்க்கும், பிறை மாதிரி. இது சுத்திவர, நேரா, நூல் பிடிச்ச மாதிரி. அதோட ஒண்டு கண்டன். கோதின்ர வெளிப்பக்கத்திலயும் அதே கோடு. சன்னம் படாத இடத்தில!

"கோதுக்குள்ள என்னவோ கிடக்கு," எண்டு வெறுங் கோது ஒண்டின்ர வாயை விரலால துடைச்சன். விரலில சாம்பல் நிறத்தில மாவு. நக்கிப் பாக்கப் போனன், இவர் கையைப் பிடிச்சிட்டார். மணந்து பாத்தன்.

"என்னப்பா இது? புளி மணக்குது!"

என்ர அரிதட்டு

இவர் நிலத்தைப் பாத்தார்.

கோது கழுவுறதுக்கெண்டு கடையில ஒரு திரவம் விக்கிறாங்களாம். சின்ன மெசின்கூட இருக்காம். இவர் யோசிச்சிருக்கிறார், பித்தளைதானே எண்டு. பித்தளை மினுக்க எங்களுக்குத் தெரியாதோ? குத்துவிளக்கு மினுக்கிற மாதிரி, புளியும் சாம்பலும். ரொறன்ரோவில சாம்பலுக்கு எங்க போறது? பார்பிக்கியூ அடுப்புச் சாம்பல். அதைப் பட்டு மாதிரி அரிச்சு எடுத்திருக்கிறார்.

"எதால அரிச்சனீங்கள்?"

மேசைக்குக் கீழ குனிஞ்சு பாத்தன். என்ர அரிதட்டு. மா அரிக்கிற அரிதட்டு. பங்குனியில இருந்து தேடுறன். பக்கத்து வீட்டு அன்ரி கொண்டுபோயிட்டா எண்டு அவவோட முகம் குடுத்துக் கதைக்காமல் இருந்தனான்!

ஏசின ஏச்சை இஞ்ச எழுதேலாது. ஆனால் ஏசிக்கொண்டிருக்கேக்கயே சிரிப்பு வந்திட்டுது. புளிக்கும் கோது இருக்கு, சன்னத்துக்கும் கோது இருக்கு. இந்த மனுசன் ஒரு கோதைக் கழட்டி எறிஞ்சுபோட்டு, உள்ளுக்கிருந்ததை எடுத்து மற்றக் கோதை மினுக்கியிருக்கு. உலகத்தில எத்தினை பேர் இந்த வேலை செய்யிறாங்களோ, ஒருத்தருக்கும் இந்தப் பிழை வந்திருக்காது.

சாம்பல் எவ்வளவு அரிச்சாலும் அதுக்குள்ள நறநறவெண்டு ஒரு துகள் நிக்கும். கோதின்ர வாயிலயும் அச்சுக்குள்ளயும் போய் ஒட்டியிருக்கு. கோதையும் கீறி, சன்னத்தையும் கீறியிருக்கு.

"உங்கட கையில்லை," எண்டன். "சாம்பல்."

இவர் நம்பேல்லை. "நீர் என்னைத் தேத்துறீர்."

"நான் லைனில ஆரையும் தேத்தினதில்லை. வாங்கோ, செய்து பாப்பம்."

பத்து

சுடுதண்ணியில சவர்க்காரம் போட்டுப் பத்துக் கோது கழுவினன். கேக் போடுற அடுப்பை மெல்லிய சூட்டில வைச்சு, புட்டுத் தட்டுக்குப் பக்கத்தில காய வைச்சன். இவர் அச்சைக் கழட்டித் துடைச்சார். அமத்துற துண்டை மாத்தினார். கோதின்ர வாயை முந்தியிலும் பாக்க ஒரு மயிரிழை கூட விரிச்சார்.

பிறகு செய்யத் துவங்கினார். நான் சன்னத்தைப் பாக்கேல்லை. கையைப் பாத்தன்.

மடியில இருக்கேக்க அந்த வலது கை நடுங்கினது. பெருவிரலும் சுட்டுவிரலும் காசை உருட்டுற மாதிரி ஒண்டையொண்டு உரஞ்சுது. அந்தக் கை எழும்பிச்சுது. தட்டில இருந்து ஒரு சன்னத்தை எடுத்துது. எடுத்த அந்தக் கணத்தில நிண்டிட்டுது!

நடுக்கமே இல்லை. கோதின்ர வாயில கொண்டுபோய் நிமித்தி வைச்சார். அது தனிய நிண்டது, சுவாமிக்குப் பூ வைச்ச மாதிரி. கைபிடியை இழுத்தார். கை திரும்ப மடிக்கு வந்தது, திரும்ப நடுங்கிச்சுது. அடுத்ததுக்கு எழும்பிச்சுது, நிண்டது.

முருகா எண்டன் எனக்குள்ள. முப்பது வருசம் ஒண்டாச் சீவிச்ச கை. எனக்குத் தாலி கட்டின கை. இப்பிடி ஒரு அதிசயம் அதுக்குள்ள இருந்தது எனக்குத் தெரியாது.

பத்தும் முடிஞ்சுது. துவாயில வரிசையா வைச்சு, லைற்றுக்குக் கீழ ஒவ்வொண்டையும் மூண்டு முறை திருப்பினன்.

"பாஸ்," எண்டன். "பத்தும் பாஸ். உங்கட கைக்கு ஒண்டுமில்லை. வேலை எண்டு வந்தால் நிக்குதே! யோசிச்சு யோசிச்சுத்தான் நடுங்குது."

இவர் அழுதார். நானும் அழுதன். பிறகு மேல வந்து ஆறின புட்டைக் கத்தரிக்காய்க் குழம்போட சாப்பிட்டம். அண்டைக்கு மனுசன் மூண்டு நீத்துப்பெட்டிப் புட்டுச் சாப்பிட்டார்.

டொக்டரின்ர அறையில

டொக்டரிட்டப் போற நாள் முதலே குறிச்சாச்சு. எனக்குச் சொல்லாமல் குறிச்சு வைச்சிருந்தவர். "இனி ஏன்?" எண்டார். "போய் ஒருக்காக் காட்டிப்போட்டு வருவம், டொக்டரும் சொல்லட்டும்," எண்டு கூட்டிக்கொண்டு போனது நான். நல்ல சீலை கட்டிக்கொண்டு போனன்.

சின்ன வயசு டொக்டர், அமைதியான பொம்பிளைப்பிள்ளை. இவரைக் கதிரையில இருத்தி, கையை மடியில வைச்சுக்கொண்டு நூறில இருந்து பின்னுக்கு எண்ணச் சொன்னா. எண்ண எண்ண விரல் உரஞ்சத் துவங்கிச்சுது. "இப்ப இந்தப் பேனையை வாங்குங்கோ," எண்டா. இவர் கையை நீட்டி வாங்கினார். கை நிண்டது.

எனக்குப் பொறுக்கேல்லை. "பாத்தீங்களோ டொக்டர்! வேலை எண்டால் நிண்டிடும். நான் சோதிச்சுப் பாத்தனான், பத்துத் தரம்!" எண்டு எனக்குத் தெரிஞ்ச இங்கிலிசில சொன்னன். பெருமையாச் சொன்னன்.

அந்தப் பிள்ளை என்னைப் பாத்தா. கதிரையைக் கிட்ட இழுத்து இருந்தா.

"நீங்கள் வடிவாக் கவனிச்சிருக்கிறியள்," எண்டா. "ஆறுதலா இருக்கேக்க நடுங்கும், ஒரு வேலைக்குக் கை போனவுடன நிக்கும். இந்த நோயின்ர பெரிய அடையாளமே அதுதான்."

மாமாவுக்கு வந்த அதே நோய். இன்னும் ரெண்டு சோதனை இருக்கு, ஆனால் தனக்குச் சந்தேகமில்லை எண்டா. மருந்து இருக்கு, கன காலம் நல்லா இருக்கலாம் எண்டா. பஸ்ஸைப் பற்றி எழுதிக் குடுக்கவேண்டி வரும் எண்டும் சொன்னா.

நான் கண்டது சரி. அதை வாசிச்சதுதான் பிழை. அதிசயம் எண்டு கும்பிட்டுக்கொண்டு நிண்டது நோயின்ர முகத்தை.

கார் நிப்பாட்டுற இடத்துக்கு வந்தம். கார்த் திறப்பு என்ர கையில இருந்தது. இவர் தானாகவே மற்றப் பக்கம் போய் ஏறினார். பெல்ற் போட்டார். முன்கண்ணாடியால வெளிய பாத்துக்கொண்டு, "அப்ப அந்தப் பத்தையும் றிஜெக்ட் பண்ணப் போறீரோ?" எண்டு கேட்டார்.

"ஏன் பண்ணுறன்? ஒண்டில ஒரு கீறல் இல்லை. நான் மூண்டு முறை பாத்தனான்."

"இந்தக் கையால செய்தது வசந்தி."

"ஓம்," எண்டன். "அந்தக் கையாலதான் செய்தது. பாஸ்."

மடியில நடுங்கிக்கொண்டிருந்த அந்தக் கையை எடுத்து என்ர கைக்குள்ள வைச்சன். அது நிக்கேல்லை. நான் விடவுமில்லை.